நான்கு கடை, மூன்று அடுப்படி

வயதானவர்கள் இருபத்தெட்டு பேருக்குச் சோறு எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று பார்த்து வரத்தான் என்னைப் பினாங்கிலிருந்து அனுப்பினார்கள். பங்குனியில் அவர்கள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கோயில்களைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். கூட்டி வருபவர் மணியம், என் தோழியின் அண்ணன். சின்னதாக ஒரு சுற்றுலா நிறுவனம் நடத்துகிறார். "கோயிலெல்லாம் எனக்குத் தெரியும் சாரதா. சாப்பாடுதான் பயம். போன தடவ பாதிப் பேருக்கு வயிறு கெட்டுப்போச்சு. நீ முன்னால போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

பள்ளிக்கூட ஆசிரியை வேலை போக, பல வருடங்களாக ஒரு மாத இதழில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதிவருகிறேன். கைப்பேசியிலும் எழுதுவேன். என் நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் மூன்று தலைப்புகள்தான்: சாப்பாடு, பரிமாறல், இடம். நான் யார் என்று கடையில் சொல்லிக்கொள்வதில்லை. இந்தக் கட்டுரையில் கடைகளின் பெயர்களை எழுதவில்லை. அதற்குக் காரணம் படித்துக்கொண்டு போனால் புரியும்.

முதல் நாள் தஞ்சாவூர். தை மாதக் காலை, காற்றில் லேசான குளிர். வாடகைக் காரோடு வந்த ஓட்டுநர் முருகையனுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர், மிச்ச நேரத்துக்குக் கார் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். என்னை முதல் அரை மணி நேரம் மேடம் என்றார். அதன்பிறகு அக்கா.

காலைச் சாப்பாட்டுக்குப் பழைய பேருந்து நிலையத்தின் அருகே ஒரு சின்ன ஓட்டல். உட்கார்ந்ததுமே பரிமாறுபவர் வந்து, "பொங்கல் முடியப் போவுதும்மா, வேணும்னா இப்பவே சொல்லிருங்க" என்று எச்சரித்தார். சொன்னேன். வாழை இலைத் துண்டில் வந்த பொங்கலில் நெய் இலையோரம் வரை ஓடியது. மிளகு முழுசாக, வாயில் உடைந்து காரம் ஏறியது. சாம்பாரைத் தனியாகக் கேட்டால், "தனியாத் தர்றேன், ஆனா ஊத்திக்கிட்டாத்தான் நல்லாருக்கும்" என்று ஊற்றிவிட்டே போனார். எங்கள் ஊரில் கேட்டது கேட்டபடி வரும். இங்கே கேட்டதோடு ஒரு யோசனையும் சேர்ந்து வந்தது.

பக்கத்து மேசையில் இரண்டு விவசாயிகள்.

"ஈரம் கூட இருக்குன்னு கொள்முதல்ல நெல்லு மூட்டையத் திருப்பிட்டாங்கய்யா."

"காய வச்சுக் கொண்டு போவ வேண்டியதுதான்."

"எங்க காய வைக்கிறது? ரோட்டுலதான்."

நான் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு நன்று, பரிமாறல் மிக நன்று, இடம் நெருக்கடி என்று எழுதினேன். வயதானவர்களுக்கு அந்தப் பெஞ்சு கொஞ்சம் சிரமம்.

மதியம் நேர் எதிரான இடம். குளிரூட்டிய பெரிய உணவகம், கண்ணாடிக் கதவு, சீருடை போட்ட பணியாளர்கள். தட்டுக்கு அளவாக வட்டமாக வெட்டிய இலை, அதைச் சுற்றிக் கிண்ணங்கள். எதை எடுத்தாலும் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் எண்ணெய். தவறு என்று சொல்ல எதுவுமில்லை, நினைவில் நிற்கவும் எதுவுமில்லை. ஆனால் சாய்ந்து உட்கார நாற்காலி இருந்தது, படியேறாமல் போகக் கழிவறை இருந்தது. இருபத்தெட்டு பேரை ஒன்றாக உட்கார வைக்கலாம். மணியத்துக்குப் பிடிக்கும். பட்டியலில் போட்டேன்.

இரண்டாம் நாள் அதிராம்பட்டினம். ஒரத்தநாடு தாண்டியதும் சாலையில் பாதி நெல்லாக இருந்தது. முதல்நாள் காதில் விழுந்தது கண்ணெதிரே விரிந்து கிடந்தது. எதிரே ஓர் அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அதற்கு வழிவிட வேண்டுமென்றால் நெல்லின் மேல் ஏற்ற வேண்டும். முருகையன் ஏற்றவில்லை. வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஒரு பாலம் வரை போய் ஒதுங்கி நின்றார்.

"மத்த வண்டியெல்லாம் ஏறித்தானே போவுது?" என்றேன்.

"போவுதுக்கா. எனக்கு மனசு வரல. நம்ம வீட்டு நெல்லும் நாளைக்கு இப்படித்தான் கெடக்கும்."

அதிராம்பட்டினத்தில் கடைத்தெருவுக்குள் ஓர் உணவகம். ஜமால் என்பவர் நடத்துகிறார். கல்லாவின் பக்கத்தில் அவருடைய தகப்பனார் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கேட்ட விதத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "எங்கேயிருந்து வருகிறாய்? சாப்பிட்டாயா?" என்று மலாய் மொழியில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளம் வயதில் பினாங்கில் வேலை பார்த்தவராம். படகுத்துறைக்குப் பக்கத்தில் அவர் இருந்த கடைவீட்டை நான் அறிவேன். இப்போது அது தங்கும் விடுதி என்றேன். "சுவரின் பச்சை நிறம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனமில்லாமல், கவனிக்கவில்லை என்றேன்.

அன்றைய கொடுவா மீன் குழம்பையும், இறால் வைத்துப் பொரித்த, வடை போன்ற வாடாவையும் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். மேசைகளுக்கு நடுவே நடக்க இடம் குறைவு. ஆனால் அங்கே சாப்பிட்டவர்கள் அவசரப்படவில்லை, அவர்களை யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

மூன்றாம் நாள் திருவாரூர். ஊரை நெருங்கும்போது டயர் பஞ்சர். முருகையன் மாற்று டயரைப் போடும்வரை வாய்க்கால் கரையில் நின்றேன். அறுத்த வயல்களில் நெல்தாள்களுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. அறுப்புக்கு முன்பே விதையைத் தூவிவிடுவோம் என்று, போல்ட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார். இதனால் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. குறித்து வைத்திருந்த உணவகத்தில் சாப்பாடு முடிந்துவிட்டது என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு மெஸ் நினைவுக்கு வந்தது. போன வருடம் அக்காவோடு கோயிலுக்கு வந்தபோது பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் சாப்பிட்டிருந்தோம். விரால் மீன் குழம்பு. அக்கா பினாங்கு திரும்பிய பிறகும் ஒரு மாதம் அதையே பேசினாள். வழி சொன்னேன். முருகையன் கொஞ்சம் யோசித்தார். ஆனால் வண்டியை அங்கேதான் விட்டார்.

"நீங்களும் வாங்க" என்றேன்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்குக்கா. நீங்க சாப்பிடுங்க."

உள்ளே எட்டு மேசை. ஒன்றில்கூட ஆள் இல்லை. போன வருடம் நாங்கள் இடத்துக்காக வாசலில் நின்றிருந்தோம். உள்ளேயிருந்து நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்து, "வாங்க, உக்காருங்க. சோறு சூடா இருக்கு" என்றார். கடைக்காரர் மலர்க்கொடி. அவர் தங்கை தேன்மொழி இலை போட்டார். கத்தரிக்காய்ப் பொரியல், கீரை, ரசம், அதே விரால் குழம்பு. புளி அளவாக, எண்ணெய் மேலே மிதந்து, மீன் உடையாமல் இருந்தது. அக்கா இல்லையே என்று இருந்தது.

"போன வருஷம் வந்தப்ப நல்ல கூட்டமா இருந்துச்சே" என்றேன்.

மலர்க்கொடி பக்கத்து மேசையில் கையை ஊன்றி நின்றார். "ஆமாங்க. இருந்துச்சு. காலேஜ் பிள்ளைங்க வருவாங்க, ஆபீஸ்காரங்க வருவாங்க. இப்ப பிள்ளைங்க மட்டும் வருது. அதுவும் சாயந்தரம்."

"ஏன்?"

"போன்ல ஒருத்தங்க எழுதிட்டாங்க. வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க. சோறு நல்லாருக்கு, மீனு நல்லாருக்கு, சுத்தம் போதாதுன்னு. அவங்க எழுதினதோட போயிருந்தா பரவாயில்ல. அதப் படம் புடிச்சு வாட்ஸ்அப்ல விட்டாங்க. கீழ ஒரு வரி சேத்து விட்டாங்க, எந்தத் தெருக்காரங்க நடத்துறாங்கன்னு விசாரிச்சிட்டுப் போங்கன்னு."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

போன வருடம் கைகழுவும் தொட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கி, என் சேலை நுனி நனைந்திருந்தது. அந்த எரிச்சலில், வண்டியில் உட்கார்ந்தவாறே கைப்பேசியில் எழுதினேன். சாப்பாடு அருமை, பரிமாறல் வேகம், சுத்தம் போதாது. மூன்று நட்சத்திரம். அடுத்த கோயில் வருவதற்குள் எழுதியதே மறந்துவிட்டது.

மலர்க்கொடி தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா, அம்மா இருவரும் வயல் கூலிகள். அவர்கள் தெரு ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது. சமையல் கலை படித்து, சென்னையில் பெரிய ஓட்டலின் அடுப்படியில் எட்டு வருடம் நின்று, சேர்த்த பணத்தில் இந்தக் கடையைத் திறந்திருக்கிறார். சாதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். வண்டி வெளியே நின்றது. உண்மையில் அரை நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

"அத எழுதினது நான்தான்" என்றேன்.

தேன்மொழி ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டார். மலர்க்கொடி என்னை உற்றுப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"சாப்பிட்டு முடிங்க" என்றார். "எலையில சோறு இருக்கு."

சாப்பிட்டேன். கை கழுவப் போனால் தொட்டியின் கீழே புதிதாகக் கல் பதித்துத் தண்ணீர் ஓடச் சரிவு வைத்திருந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது.

திரும்பி வந்து, "மன்னிச்சிருங்க. நான் அந்தத் தொட்டியத்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும். தொட்டி அப்ப சரியில்லதான். படிச்ச மறுநாளே கொத்தனார வச்சு சரி பண்ணிட்டோம். நீங்க கைகழுவுற எடத்த எழுதினீங்க. படிச்சவங்க எங்களச் சொன்னதா எடுத்துக்கிட்டாங்க."

"இப்பவே அழிச்சிர்றேன்."

"வேணாம்" என்றார் சட்டென்று. "அழிச்சா நாங்க கால்ல விழுந்து அழிக்கச் சொன்னோம்பாங்க. அது கெடக்கட்டும்."

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. மணியத்தின் குழுவைப் பற்றிச் சொன்னேன். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். "உங்க அடுப்படிய ஒரு தடவ பார்த்துட்டா, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு நானே விளக்கமா எழுதிருவேன்" என்றேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

மலர்க்கொடியின் முகம் அப்போதுதான் மாறியது.

"இது வரைக்கும் எத்தன கடை பாத்தீங்க?"

"மூணு."

"மூணுலயும் அடுப்படிக்குள்ள போயிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"எங்ககிட்ட மட்டும் ஏங்க கேக்குறீங்க?"

தேன்மொழி இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மலர்க்கொடியும் உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்தபோது, எதிர்ப்புறக் கடையில் முருகையன் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாதியில் கை கழுவினார்.

தஞ்சாவூர் திரும்பும் வழியில் கோரையாறு, பாண்டவையாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு பாலத்திலும் முருகையன் ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. அறைக்கு வந்ததும் நோட்டைப் பிரித்தேன். மூன்று கடைக்கும் இடம் என்ற தலைப்பின் கீழே நாற்காலி, மின்விசிறி, கழிவறை என்று எழுதியிருந்தேன். சுத்தம் என்ற சொல்லே இல்லை. அது அங்கெல்லாம் எனக்குத் தோன்றவும் இல்லை. பினாங்கில் தெருவோரக் கடைகளில் சமையல் கண்ணெதிரே நடக்கும். வாணலியும் தெரியும், சமைப்பவரின் வியர்வையும் தெரியும். இங்கே அடுப்படி சுவருக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று கடைகளில் அந்தச் சுவரை நம்பினேன். நான்காவதில் மட்டும் திறக்கச் சொன்னேன்.

நான்காம் நாள் காலை முருகையனிடம், "இன்னைக்குப் புதுசா எங்கேயும் போகல. பார்த்த கடைக்கே மறுபடியும் போறோம்" என்றேன்.

"சாப்பாடு அவ்வளவு புடிச்சுப் போச்சா?"

"அடுப்படியப் பார்க்கணும்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு நானே கேட்டேன், நேற்று ஏன் சாப்பிட வரவில்லை என்று.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தக் கடையப் பத்தி எனக்கும் வாட்ஸ்அப்ல வந்துச்சு. எனக்குன்னு மனசுல ஒண்ணும் கெடையாது. எங்கூடப் படிச்சவங்க பாதிப் பேரு அந்த மாதிரித் தெருதான். ஆனா கடையில உக்காந்து சாப்பிட்டா யாராச்சும் பாப்பாங்க. ஊர்ல பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

"அதான்க்கா. பேசுவாங்க."

முந்தாநாள் யாரோ ஒருவரின் நெல்லுக்காக வண்டியைப் பின்னால் எடுத்துப்போன மனிதர் இவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பழைய பேருந்து நிலையத்து ஓட்டலில் நான் யார் என்பதைச் சொல்லி அனுமதி கேட்டேன். பொங்கல் மாஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, இதுல என்ன இருக்கு" என்று உள்ளே கூட்டிப் போனார். சுவரெல்லாம் புகைக்கரி. கிரைண்டரைச் சுற்றிலும் தரை ஈரம். கறிவேப்பிலைக் காம்புகள் தண்ணீரில் மிதந்தன. போன வருடம் திருவாரூரில் தேங்கியிருந்ததைவிட இங்கே அதிகம். ஆனால் மாவுப் பாத்திரங்கள் பளபளப்பாக, துணி போட்டு மூடியிருந்தன. மாஸ்டரின் நெற்றியில் பட்டை போட்ட விபூதி, அது கலைந்து வியர்வையோடு வழிந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன்.

குளிரூட்டிய உணவகத்தில் மேலாளர் சிரித்தபடியே மறுத்தார். "கஸ்டமர்ஸ உள்ள விடுறதில்ல மேடம். ரூல்ஸ்."

"வயசானவங்க இருபத்தெட்டு பேர் வரப்போறாங்க. அதுக்காகத்தான் கேக்கிறேன்."

"நீங்க கவலையே பட வேணாம் மேடம். நம்ம எடம் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்பதை எழுதிக்கொண்டு, அடுப்படியைக் காட்டவில்லை என்பதையும் அதன் கீழே எழுதினேன்.

ஐந்தாம் நாள் விடியும்போதே கிளம்பி அதிராம்பட்டினம். ஜமால் மீன் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்தார். நான் கேட்டதும் கூடையோடு என்னையும் உள்ளே அழைத்துப் போனார். பின்கட்டில் மூன்று பெண்கள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே தகரக் கூரை, கீழே கழுவிவிட்ட சிமெண்டுத் தரை. பூனை ஒன்று எல்லையைத் தாண்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு மூலையில் எண்ணெய் டின்கள் குப்பையாகக் கிடந்தன. அதைச் சொன்னேன். "ஆமா, இன்னைக்கு எடுத்துப்புடுறேன்" என்றார். கிளம்பும்போது அவருடைய தகப்பனார், அந்தக் கடைவீட்டை அடுத்த முறை கவனித்துவிட்டு வரச் சொன்னார். சரி என்றேன்.

மன்னார்குடி வழியாகத் திருவாரூருக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மெஸ்ஸில் இலை போடும் நேரம் ஆகவில்லை. தேன்மொழி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டி, "அக்கா, அவங்க வந்திருக்காங்க" என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

மலர்க்கொடி வந்தார். நான் நோட்டை நீட்டினேன்.

"நீங்க கேட்டது சரி. திரும்பிப் போய் மூணு கடையிலயும் கேட்டேன். ரெண்டு பேர் காட்டினாங்க, ஒருத்தர் காட்டல. எழுதியிருக்கேன், படிங்க."

அவர் நின்றபடியே படித்தார். குளிரூட்டிய உணவகத்துப் பக்கத்தில் நின்று இரண்டாம் முறை படித்தார். "எல்லாருக்கும் தெரியும்" என்று சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். பூனையைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் தேன்மொழியும் எட்டிப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றார் மலர்க்கொடி.

சின்ன அடுப்படி. மூன்று அடுப்புகள், அவற்றுக்கு மேலே புகை போக இழுவை விசிறி. அரிசி களைந்து வடிதட்டில் இருந்தது. தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, கழுவின தண்ணீர் தானாக ஓடிவிடும்படி இருந்தது. சென்னையில் கற்றது என்றார். மசாலா டப்பாக்களில் அரைத்த நாள் எழுதிய சீட்டு. அவர் தலையில் துணிக்குல்லாய், கையில் மோதிரம் கிடையாது. மீன் நறுக்கும் பலகையும் காய் நறுக்கும் பலகையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்திருந்தது.

"இது ரெண்டையும் தள்ளித் தள்ளி வைக்கணும்" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். "ஆமா. அவசரத்துல வச்சது. எழுதிக்குங்க."

"எழுதட்டுமா?"

"எழுதுங்க. மத்தவங்களுக்கு எழுதினீங்கல்ல."

எழுதினேன். பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழேயே சேர்த்தேன்: போன வருடம் சுத்தம் போதாது என்று எழுதியது, கைகழுவும் தொட்டியடியில் தேங்கிய தண்ணீரைப் பற்றி மட்டும். அதை மறுநாளே சரி செய்துவிட்டார்கள். இந்தப் பயணத்தில் மூன்று அடுப்படிகளைப் பார்த்தேன், மூன்றில் இதுவே சுத்தமானது. நறுக்குப் பலகைகளைத் தள்ளி வைக்கச் சொன்னேன். அனுப்புவதற்கு முன்னால் மலர்க்கொடியிடம் படித்துக் காட்டினேன்.

"இதையும் யாராச்சும் படம் புடிச்சு விடுவாங்களா?" என்று தேன்மொழி கேட்டார்.

"இத யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றார் அக்காக்காரி.

அன்றும் சாப்பிட்டேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, இலையில் வைத்த மீனைப் படம் எடுத்து என் அக்காவுக்கு அனுப்பினேன். முருகையன் அன்றும் வண்டியில்தான் இருந்தார்.

மாலையில் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்தவர், கிளம்பாமல் நின்றார். "அடுத்த தடவ வந்தா நம்ம வீட்டுல ஒரு வேள சாப்பிடணும்க்கா. எங்கம்மா கையால. கட்டாயம்." வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

"வர்றேன். அதுக்கு முன்னால திருவாரூர்ல நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்."

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பம்க்கா" என்று சொல்லிப் பெட்டியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பினாங்கில் மணியம் பட்டியலைப் படித்துவிட்டு அழைத்தார். குளிரூட்டிய உணவகத்தை ஏன் கடைசியில் போட்டிருக்கிறாய் என்று முதலில் கேட்டார். சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"திருவாரூர்ல அந்த மெஸ்ஸு வேணுமா சாரதா? எனக்கு ஒண்ணுமில்ல. கூட வர்றவங்க சில பேரு ஒரு மாதிரி. அந்த ஊர்ல அவங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, போன் பண்ணி விசாரிப்பாங்க."

'எனக்கு ஒன்றுமில்லை' என்பதை ஒரே மாதத்தில் இரண்டு ஊர்களில் கேட்டுவிட்டேன்.

"வயிறு கெடக்கூடாதுன்னுதானே என்னை அனுப்பினீங்க? வயிறு கெடாத இடம் அதுதான். அத எடுத்தா என் பட்டியல் முழுசையும் எடுத்துருங்கண்ணே."

"சரி, விடு. பார்த்துக்கலாம்" என்றார்.

பங்குனி பிறந்து குழு கிளம்பிப் போனது. எந்த நாளில் திருவாரூர் என்பது எனக்குத் தெரியும். அன்று பள்ளியில் மதிய இடைவேளை முழுவதும் கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம்தான் மலர்க்கொடி அழைத்தார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"வந்துட்டுப் போனாங்கக்கா. இருபத்தாறு பேரு சாப்பிட்டாங்க. வயசானவங்கன்னீங்க, ரெண்டு தடவ சோறு வாங்கினாங்க. ஒரு அம்மா தேன்மொழியப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

"இருபத்தெட்டு பேரில்ல?"

"ரெண்டு பேரு பஸ்ஸ விட்டு எறங்கல. பசிக்கலன்னாங்களாம்."

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வெயிலுக்கா. பஸ்ஸுக்குள்ள எப்படி இருக்கும் பாருங்க. மோரு கலக்கி ரெண்டு டம்ளர்ல நானே எடுத்துட்டுப் போனேன்."

"குடிச்சாங்களா?"

"ஒருத்தர் குடிச்சாரு. இன்னொருத்தர் வாங்கிக் கையிலயே வச்சிருந்தாரு. குடிக்கவும் இல்ல, திருப்பிக் குடுக்கவும் இல்ல. அதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிருச்சு." பாத்திரச் சத்தம் நின்றது. மலர்க்கொடி சிரிப்பது கேட்டது. "என் டம்ளரு ஒண்ணு உங்க ஊருக்கு வருதுக்கா."